தீச்சுவரிற் கோப்புக்கு வாயில் அமைத்தல்

கணினி ஒன்றிலுள்ள கோப்பினை வேற்றூரிலுள்ள கணினிக்கு அனுப்புதலும் ஆங்கிருந்து பெறுதலும் இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த செயல்களாம். எனினும், கோப்புச் சேவையகம் ஒன்றை நிறுவி, அதனைத் தீச்சுவரின் பின்னே வைத்து, வேண்டியவர் மாத்திரம் வந்து போகுமாறு வாயில் அமைக்க முற்படுவோர் பலர் ஒரே இடத்திலே தடுமாறுகின்றனர். பயனர்பெயர் ஏற்கப்படுகின்றது, கடவுச்சொல்லும் ஏற்கப்படுகின்றது, உட்புகுந்தாயிற்று என்னும் செய்தியுங் கிடைக்கின்றது. ஆனால், கோப்புகளின் பட்டியலைக் கேட்டதும் திரை அசைவற்று நிற்கின்றது. சிறிது நேரங் கழிந்தபின் தொடர்பு அறுந்துபோகின்றது. படலையைத் திறந்து வரவேற்றவர், வந்தவரை விறாந்தையில் நிறுத்திவிட்டு உள்ளே போய் மறைந்தது போன்ற நிலை இது. இவ்வாறு நிகழ்வது ஏன், இதனை நீக்குதல் எவ்வாறு என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை மலர் ஒன்றில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர்கள், தம்மிடமுள்ள பழைய மலர்களையும் நிழற்படங்களையும் படியெடுத்துத் தாம் பயின்ற கல்லூரிக்கு அனுப்ப விரும்புகின்றனர். அதற்கெனக் கல்லூரி ஒரு கணினியை ஒதுக்குகின்றது. அக்கணினியிலேயே, அன்றி அதனோடு ஒரே வலையிற் பிணைக்கப்பட்ட மற்றொரு கணினியிலே, மாணவர் வரவு இடாப்பும், புள்ளிப் பட்டியலும், தவணைப் பரீட்சை வினாத்தாள்களும் இருத்தல் கூடும். "பட்டியல் வரவில்லையா? தீச்சுவரை நிறுத்திவிடுங்கள், வரும்" என ஆலோசனை கூறுவோர் உளர். நிறுத்தினால் வரும் என்பது மெய்யே. ஆனால், வருவது பட்டியல் மாத்திரம் அன்று. ஒரு பிற்பகலுக்கென நிறுத்தப்பட்ட தீச்சுவர் எட்டு மாதங்கள் அவ்வாறே கிடந்ததை நிறுவனம் ஒன்றிலே கண்டிருக்கின்றேன்.

தீச்சுவர் என்பது கட்டடக் கலையினின்றும் கணினித் துறைக்கு வந்த சொல்லாகும். அடுத்தடுத்துள்ள மனைகளில் ஒன்று தீப்பற்றின் மற்றையதற்குப் பரவாது தடுக்க எழுப்பப்படும் சுவரையே அது முதலிற் குறித்தது. கணினியின் தீச்சுவரோ வெறுஞ் சுவரன்று. வாயில்களும் வாயில்தோறும் காவலனும் உடைய மதில் எனலாம். இனி, போட் என்னும் ஆங்கிலச் சொல்லைப் பாடநூலார் 'துறை' என வழங்குகின்றனர். அச்சொல்லுக்கு வாயில் என்னும் பொருளும் உண்டாகலானும், மதிலின் கண் அமைவது வாயிலே ஆகலானும், யான் இக்கட்டுரையில் வாயில் என்றே ஆளுவேன். பாடநூற் சொல்லைப் பரீட்சையில் எழுதும் மாணவர் அதனை மாற்றவேண்டா.

இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் முகவரி எண் ஒன்று உண்டு. அம்முகவரியில் 1 முதல் 65,535 வரை இலக்கமிடப்பட்ட வாயில்கள் உள. இன்ன வாயிலில் இன்ன பணி நடைபெறும் என்னும் வழக்கும் உண்டு. கோப்புப் பரிமாற்றத்திற்கு 21 ஆம் வாயில். தொலைவிலிருந்து கணினியை மறைகுறியாக இயக்கும் எஸ்.எஸ்.எச். முறைக்கு 22 ஆம் வாயில். தீச்சுவர்க் காவலனுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் விதிகள், எம்முகவரியிலிருந்து வருவது, எவ்வாயிலுக்கு வருவது, விடுவதா தடுப்பதா என்பனவற்றைச் சொல்வனவாம். இக்காலத் தீச்சுவர்கள் பெரும்பாலும் நினைவாற்றல் உடையன. உள்ளிருந்து ஒருவர் தொடங்கிய உரையாடலுக்கு வெளியிலிருந்து வரும் மறுமொழியைத் தாமே அறிந்து உள்ளே விடும். வெளியிலிருந்து ஒருவர் புதிதாகத் தொடங்கும் உரையாடலை, அதற்கென விதி இருந்தாலன்றி, விடா. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க. மேற்கூறிய தடுமாற்றம் முழுவதும் இதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

எப்.ரி.பி. எனச் சுருக்கி வழங்கும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை முதன்முதல் வரைந்தவர் அபய் பூஷண் என்பவர். இவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதற் பிரிவு மாணவருள் ஒருவர். பின்னர் அமெரிக்காவில் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பணியாற்றியபோது, 1971 ஏப்பிரலில் இந்நெறிமுறையை வெளியிட்டார். ஆர்ப்பாநெற் என்னும் அக்கால வலையில் இருந்த கணினிகள் மிகச் சில. அவற்றை இயக்கியோர் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர். மதில் எழுப்பும் எண்ணமே அன்று எழவில்லை. வேலியில்லாத வளவிலே ஒருவர் வீட்டிற்கு ஒருவர் எவ்வழியாலும் போய்வந்த காலம் அது. 1985 ஒக்ரோபரில் ஜோன் பொஸ்ரல், ஜோய்ஸ் றெயினோல்ட்ஸ் ஆகிய இருவரும் திருத்தி வெளியிட்ட வடிவமே இன்றும் அடிப்படையாக நிற்கின்றது. வேலி இல்லாக் காலத்திற் பிறந்த வழக்கத்தை வேலி நிறைந்த காலத்திற் கையாள நேர்ந்தமையே இன்றைய இடர்ப்பாட்டின் வேர் என்க.

அவ்வழக்கம் யாதெனிற் கூறுவாம். ஏனைய பணிகள் பல ஒரே தொடர்பில் நடைபெற, எப்.ரி.பி. இரு தொடர்புகளை வேண்டி நிற்கின்றது. ஒன்று ஏவல் தொடர்பு: பயனர்பெயரும், கடவுச்சொல்லும், 'பட்டியல் தருக', 'இக்கோப்பைத் தருக' என்னும் ஏவல்களும் 21 ஆம் வாயில் வழியாக இதிற் செல்லும். மற்றையது சரக்குத் தொடர்பு: பட்டியலும் கோப்பும் ஆகிய சரக்கு இதிலே செல்லும். சரக்குத் தொடர்பு ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் புதிதாகத் தொடங்கப்பட்டு, முடிந்ததும் மூடப்படும். அதனைத் தொடங்குபவர் யார் என்பதே வினா.

பழைய முறையில், பயனர் தம் கணினியில் ஒரு வாயிலைத் திறந்து அதன் இலக்கத்தைச் சேவையகத்துக்கு அறிவிப்பார். சேவையகம் தன் 20 ஆம் வாயிலிலிருந்து புறப்பட்டுப் பயனரின் அவ்வாயிலை நாடிச் செல்லும். பயனரின் வீட்டிலுள்ள றவுட்டர் இதனை வெளியிலிருந்து வரும் புதிய உரையாடல் எனக் கண்டு தடுத்துவிடும். மற்றை முறையில், பயனர் கேட்க, சேவையகம் தன்னிடத்தே ஒரு வாயிலைத் திறந்து அதன் இலக்கத்தைச் சொல்லும். பயனரே அவ்வாயிலை நாடி வருவார். இப்போது பயனரின் வீட்டில் தடையில்லை. சேவையகத்தின் தீச்சுவர் தடுக்கின்றது. 21 ஆம் வாயில் ஒன்றையே திறந்து வைத்தவர்க்கு உட்புகுதல் கைகூடிப் பட்டியல் கைகூடாமைக்குக் காரணம் இதுவே.

இவ்விரு முறைகளையும் ஆங்கிலத்தில் அக்ரிவ், பசிவ் என்பர். இவை இலக்கணத்திற் செய்வினை, செயப்பாட்டுவினை என்பவற்றுக்கும் வழங்குஞ் சொற்கள். இதனாற் சிலர் 'செயப்பாட்டு முறை' என மொழிபெயர்த்துவிட்டனர். அது பொருந்தாது. செயப்பாட்டுவினையிற் செயப்படுபொருள் எழுவாயாக வரும். ஈண்டோ தொழில் செய்பவரே மாறுகின்றார். முன்னையதிற் சரக்குத் தொடர்பைத் தொடங்குவது சேவையகம். பின்னையதில் தொடங்குவது பயனர். ஆதலின் முன்னையதை 'நாடும் முறை' எனவும், சேவையகம் இருந்த இடத்தில் இருந்து ஏற்றுக்கொள்வதாகிய பின்னையதை 'ஏற்கும் முறை' எனவும் வழங்குதல் தகும். சொல் திருந்தினாற் பொருளும் தெளிவுறும். 1994 பெப்ரவரியில் ஸ்டீவன் பெல்லோவின் என்னும் அறிஞர், தீச்சுவர்கள் பெருகியமை கண்டு, பயனர் செயலிகள் ஏற்கும் முறையையே இயல்பாகக் கொள்ளவேண்டுமென எழுதினார். இன்றைய செயலிகள் பெரும்பாலும் அவ்வாறே செய்கின்றன. எனவே, வாயில் அமைக்கவேண்டிய பொறுப்பு சேவையகத்தை நடத்துவோர் தலையில் வந்துற்றது.

ஏற்கும் முறையிற் சேவையகம் தரும் மறுமொழியை வாசிக்கப் பழகுதல் மிகப் பயன்தரும். அது 227 என்னும் இலக்கத்தோடு தொடங்கி, அடைப்புக்குள் ஆறு எண்களைத் தரும். எடுத்துக்காட்டாக 203, 0, 113, 25, 195, 80 என வருமாயின், முதல் நான்கும் முகவரி. ஈற்றிலுள்ள இரண்டும் வாயில். ஈற்றயல் எண்ணை 256 ஆற் பெருக்கி ஈற்றெண்ணைக் கூட்டுக. 195 ஐ 256 ஆற் பெருக்க 49,920. அதனோடு 80 ஐக் கூட்ட 50,000. ஆகவே 203.0.113.25 என்னும் முகவரியில் 50,000 ஆம் வாயிலுக்கு வருக என்பதே இம்மறுமொழியின் பொருள். இம்முகவரி நூல்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சார்ந்தது. எவருடைய கணினியையும் குறிப்பதன்று.

வரையறை செய்யாவிடின் சேவையகம் எவ்வாயிலைத் திறக்கும் என்பதை முன்னரே அறிய இயலாது. அறியாத வாயிலுக்குக் காவலன் எவ்வாறு அனுமதி தருவான்? சிலர் இதற்கு அஞ்சி 1,024 இற்கு மேற்பட்ட வாயில்கள் அனைத்தையும் திறந்துவிடுகின்றனர். இது பொட்டு அடைக்கச் சோம்பி வேலியையே பிடுங்கி எறிந்ததற்கு ஒப்பாகும். அக்கணினியில் இயங்கும் தரவுத்தளமும் பிறவும் அவ்வுயர் வாயில்களிற் காத்திருக்கக் கூடுமாதலின், அவையும் வெளியுலகிற்குத் திறந்து கிடக்கும். செய்யத்தக்கது யாதெனின், சேவையகத்துக்கே ஒரு வரம்பு கட்டுதல். 50,000 முதல் 50,100 வரை என வரம்பிட்டால் நூற்றொரு வாயில்கள் அமையும். ஒரே நேரத்தில் நிகழும் பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில் வேண்டும் என்று கொண்டாலும், ஒரு கல்லூரிக்கு இது தாராளம்.

லினக்ஸ் கணினியில் வி.எஸ்.எப்.ரி.பி.டி. என்னும் சேவையக மென்பொருளை நடத்துவோர்க்கு வேலை முறையைச் சொல்லுகின்றேன். அதன் அமைப்புக் கோப்பில் ஏற்கும் முறையின் கீழெல்லை, மேலெல்லை என இரு வரிகள் உள. அவற்றில் 50,000, 50,100 என எழுதி மென்பொருளை மீளத் தொடக்குக. பின்னர் தீச்சுவருக்கு வருக. உபுந்து வகையில் யு.எப்.டபிள்யூ. என்னும் கருவி எளியது. வெளியிலிருந்து வருவன யாவற்றையும் தடுப்பதே இயல்பு விதியாக இருத்தல் வேண்டும். அதன்மேல் 21 ஆம் வாயிலுக்கும், 50,000 முதல் 50,100 வரையுள்ள வாயில்களுக்கும் ரி.சி.பி. வகைத் தொடர்பை அனுமதிக்க. ஈண்டு ஓர் எச்சரிக்கை: தொலைவிலிருந்து 22 ஆம் வாயில் வழியாக அக்கணினியை இயக்குவோர், தடுப்பு விதியை உயிர்ப்பிக்குமுன் 22 இற்கு அனுமதி எழுதிவிடவேண்டும். மறந்தால், மதிலைக் கட்டியவரே வெளியில் நிற்பார். கணினி இருக்கும் அறைக்குப் பேருந்து ஏறிப் போகவேண்டி வரும். விண்டோஸ் சேவையகத்திலும் வழி இதுவே, ஐ.ஐ.எஸ். அமைப்பில் சரக்கு வாயில் வரம்பை எழுதி, அதே வரம்பை விண்டோஸ் தீச்சுவரிலும் எழுதவேண்டும். வாடகைக்குப் பெறும் முகில் கணினியாயின், உள்ளே ஒரு தீச்சுவரும், அதனைத் தருவோரின் பலகையிலே வெளியே மற்றொரு தீச்சுவரும் இருத்தல் இயல்பு. ஒன்றில் திறந்து மற்றையதில் திறவாதோரே பெரும்பாலர்.

கல்லூரிக் கட்டடத்துள்ளேயே சேவையகத்தை வைப்போர்க்கு இன்னுமொரு முடிச்சு உண்டு. அக்கணினிக்கு 192.168 எனத் தொடங்கும் வீட்டுமுகவரியே வழங்கப்பட்டிருக்கும். அது றவுட்டருக்கு உட்பட்ட உலகில் மாத்திரம் செல்லுபடியாகும். ஒழுங்கை இலக்கத்தை மாத்திரம் எழுதிய கடிதம் வெளிநாட்டிலிருந்து வந்து சேராதவாறு, வெளியுலகிலிருந்து அம்முகவரியை எவரும் அடைய இயலாது. ஆகவே, றவுட்டரில் 21 ஆம் வாயிலையும் வரம்பிட்ட வாயில்களையும் சேவையகத்துக்கு ஆற்றுப்படுத்துதல் வேண்டும். வாயில் இலக்கங்களை இடையில் மாற்றுதல் ஆகாது. அதன்மேல், 227 மறுமொழியில் வெளிமுகவரியையே சொல்லுமாறு சேவையகத்துக்கும் அறிவித்தல் வேண்டும். இல்லாவிடின் அது தன் வீட்டுமுகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். பைல்சில்லா முதலிய செயலிகள் இப்பிழையைக் கண்டு தாமே திருத்திக்கொள்ளும். 1998 இல் வந்த விரிந்த ஏற்கும் முறையைப் பயன்படுத்தும் செயலிகளுக்கு முகவரியே வேண்டுவதில்லை, 229 என்னும் மறுமொழியில் வாயில் இலக்கம் மாத்திரம் வரும். இதனாலேயே, சேவையகத்திற் பிழை இருக்க, ஒருவருக்குக் கோப்பு இறங்குவதும் மற்றவருக்கு இறங்காமையும் நிகழ்கின்றன. "எனக்கு வேலை செய்கின்றதே" என்னும் சான்று இவ்விடயத்திற் செல்லாது. இனி, றவுட்டரின் வெளிமுகவரியே 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதியில் இருக்குமாயின், இணையம் வழங்குவோர் தம்மிடத்தே இன்னுமொரு மறைப்பை வைத்துள்ளனர் என்று அறிக. அந்நிலையில் நம் மதிலில் எத்தனை வாயில் திறப்பினும் பயனில்லை. வெளிமுகவரி ஒன்றை அவர்களிடமே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஏவல் தொடர்பில் நிகழும் பேச்சைச் செவிமடுத்து, 227 மறுமொழியைத் தானே வாசித்து, குறித்த வாயிலைக் குறித்த பொழுதுக்கு மாத்திரம் திறந்து மூடும் துணைக்கருவி லினக்ஸ் தீச்சுவரில் உண்டு. கேட்க இனிது. ஆயினும் யான் அதனை நம்பியிருக்குமாறு கூறேன். அதன் காரணத்தைச் சற்று விரித்துரைத்தல் நன்று.

பழைய எப்.ரி.பி. வழியிற் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்கின்றது. அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. வழியில் உள்ள எக்கணினியும் வாசிக்கலாம். தீச்சுவர் இதற்கு யாதொரு காப்பும் தராது. ஏனெனில், திருடியவன் உரிய பெயரோடும் உரிய சொல்லோடும் உரிய வாயிலாலேயே வருகின்றான். புள்ளிப் பட்டியலைத் திருத்தும் அதிகாரமுள்ள ஆசிரியரின் கடவுச்சொல் இவ்வாறு சென்றால் விளைவு யாதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டா. இதனைத் தீர்க்க 2005 ஒக்ரோபரில், ஏவலையும் சரக்கையும் மறைகுறியாக்கி அனுப்பும் முறை வகுக்கப்பட்டது, எப்.ரி.பி.எஸ். என்பது அது. மறைகுறியாக்கியதும் ஒற்றுக்கேட்பவன் செவிடாகின்றான். அவனோடு நம் துணைக்கருவியும் செவிடாகின்றது. 227 மறுமொழியை வாசிக்க இயலாமையின், அது வாயிலைத் திறவாது. ஆகவே, மறைப்பு வேண்டுவோர்க்கு வரம்பிட்ட வாயில்களை விதியாலே திறந்து வைப்பதே வழி. மறைப்பு வேண்டாதார் யார்?

எஸ்.எப்.ரி.பி. என்பது பெயரால் இதன் தம்பி போலத் தோன்றினும் வேறு குடியிற் பிறந்தது. அது எஸ்.எஸ்.எச். முறையின் ஓர் அங்கம்; ஏவலும் சரக்கும் ஒரே தொடர்பில், 22 என்னும் ஒரே வாயிலில், மறைகுறியாகவே செல்லும். தீச்சுவரில் ஒரு வரி போதும். புதிதாகத் தொடங்குவோர் இதனையே கொள்ளுக என்பது என் துணிபு. 2017 இல் லினக்ஸ் கருவின் களஞ்சியமும் டெபியன் நிறுவனத்தாரும் தத்தம் பொது எப்.ரி.பி. சேவைகளை மூடினர்; 2021 இல் பயர்பொக்ஸ், குறோம் உலாவிகள் அதனைக் கைவிட்டன. ஆயினும் பழைய படியெடுக்கும் பொறிகளும், கண்காணிப்புக் கமராக்களும், சில அலுவலகங்களின் கணக்கு மென்பொருள்களும் எப்.ரி.பி.யையன்றி வேறறியா. அவை உள்ளவரை இப்பாடமும் வேண்டப்படும்.

எம்முறையைக் கொள்ளினும், கடவுச்சொற்களை வரிசையாக இட்டுப் பார்க்கும் தானியங்கிகள் திறந்த வாயிலைத் தட்டாமல் இரா. வருவோரின் முகவரி நிலையானதாயின், அம்முகவரிக்கு மாத்திரம் அனுமதி எழுதுக. பல வீடுகளின் முகவரி மாறுந் தன்மையது ஆதலின் இஃது எல்லார்க்கும் இயலாது. அவ்வாறாயின், பழைய மாணவர்க்கெனத் தனிக் கணக்கு ஒன்று வகுத்து, அது ஒரே அடைவினுள் நிற்குமாறும், கோப்பை இடலாம், எடுக்கலாகாது என்னுமாறும் கட்டுப்படுத்துக. புள்ளிப் பட்டியல் உள்ள கணினி இதனோடு ஒரே வலையில் இல்லாதிருத்தல் இன்னும் நன்று.

சோதனையை வெளியிலிருந்தே செய்தல் வேண்டும். கல்லூரி வலைக்குள் இருந்துகொண்டு "எல்லாம் சரி" என்பது, உட்கதவைத் தட்டிப் பார்த்து வெளிப்படலையைச் சோதித்தேன் என்பதற்கு ஒப்பாகும். கைத்தொலைபேசியின் இணையத்தைக் கொண்டு சோதிக்கலாம். தட்டியவுடன் மறுப்பு வருமாயின், பொதுவாகப் பொதி கணினியை அடைந்தது, ஆனால் அவ்வாயிலிற் பணிபுரிவோர் இல்லை என்பது கருத்து. சேவையக மென்பொருளைப் பார்க்க. மறுப்பும் இன்றி, விடையும் இன்றி நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால், இடையில் ஏதோ ஒரு தீச்சுவர் பொதியை ஓசையின்றி விழுத்திவிட்டது எனக் கொள்ளலாம். 530 என்னும் மறுமொழி வந்தால் உள்நுழைவு மறுக்கப்பட்டது, தீச்சுவர் பழியற்றது. 425 எனின் சரக்குத் தொடர்பு கூடவில்லை. வரம்பிட்ட வாயில்களையும் முகவரியையும் பார்க்க. பெரிய கோப்பு முழுவதும் இறங்கிய பின்னர் முடிவுச் செய்தி மாத்திரம் வாராது நின்றால், சரக்கு ஓடிய நெடுநேரமும் ஏவல் தொடர்பு வாளாவிருந்தமையால் இடையிலுள்ள றவுட்டர் அதனை மறந்துவிட்டது போலும்.

விதி ஒவ்வொன்றின் அருகிலும் யாருக்காக, எப்பணிக்காக, எந்நாளில் எழுதப்பட்டது என்று ஒரு வரி குறித்து வைக்க. யு.எப்.டபிள்யூ. கருவியிலேயே அதற்கு இடமுண்டு. குறிப்பில்லாத விதியை நீக்க எவரும் துணியார். ஆட்கள் மாறிய பின்னும் அது திறந்தே கிடக்கும்.

மாணவர் செய்து பார்க்க ஒரு வினா. கல்லூரியின் வெளிமுகவரி 203.0.113.25, வரம்பு 50,000 முதல் 50,100 வரை, தீச்சுவரிலும் றவுட்டரிலும் விதிகள் செம்மையாக உள. முகவரியைத் தானே திருத்திக்கொள்ளாத செயலியோடு ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவர் மூன்று நாட்களில் மூன்று மறுமொழிகளைப் பெறுகின்றார். முதல் நாள்: 203, 0, 113, 25, 195, 155. இரண்டாம் நாள்: 203, 0, 113, 25, 196, 10. மூன்றாம் நாள்: 192, 168, 1, 20, 195, 100. எந்நாளில் அவருக்குப் பட்டியல் கிடைத்திருக்கும்? ஏனைய இரு நாட்களிலும் சேவையகத்தில் எவ்வரி பிழைபட்டிருந்தது? மூன்றாம் நாள் மறுமொழியே கல்லூரி நூலகத்திலிருந்து இணைந்த மாணவனுக்கு வந்திருப்பின், அவனுக்குப் பட்டியல் கிடைத்திருக்குமா?